அக்கா காட்டாத மதகு

அவங்க முகம் எப்படின்னு கேட்டா எனக்குச் சட்டுன்னு சொல்ல வராது. முதுகைக் கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரக்கடை தாழ்ந்திருக்கும். கழுத்துக்குக் கீழ, டீஷர்ட் ஓரத்துல, பழைய தீக்காயத் தழும்பு ஒண்ணு. நீல ஹெல்மெட்டுக்கு வெளிய ஒத்தைப் பின்னல், அதோட நுனியில எப்பவும் ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட். நாலு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம, அந்த முதுகைப் பார்த்துக்கிட்டேதான் நான் சைக்கிள் மிதிச்சேன். வரிசையில அவங்க முதல் ஆள், நான் ரெண்டாவது.

கொடுமைக்காரி. அதை முதல்லயே சொல்லி வச்சிடுறேன். பின்னாடி நான் என்ன சொன்னாலும், அவங்களுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

கண்டி டவுன்ல ஒரு கண்ணாடிக் கடையில எனக்கு வேலை. சொந்த ஊர் புசல்லாவை, தோட்டத்துப் பிள்ளை. கண் டாக்டர் வர்ற நாள்ல எழுத்துப் பலகைக்குப் பக்கத்துல குச்சியோட நின்னு, "இது தெரியுதா, இது தெரியுதா"ன்னு கேட்கிறது நான்தான். அப்படித்தான் அவங்களைப் பார்த்தேன். கடைசி வரி அவங்களுக்குத் தெரியல்ல. தெரியல்லன்னு சொல்றதுக்குப் பதிலா, "பலகையை ஒழுங்காத் தொடச்சு வைக்கத் தெரியாதா உனக்கு?"ன்னு என்மேல பாய்ஞ்சாங்க. நான் தொடச்சேன். மறுபடியும் தெரியல்ல. "சரி, கண்ணாடியைப் போடு"ன்னாங்க, தோத்துப் போன மாதிரியே இல்லாம. போற வழியில என் காலைப் பார்த்தாங்க. "நல்ல கெண்டைக்கால். மலை ஏறி வளர்ந்தவதானே? சைக்கிள் ஓட்டுவியா?"

அப்பதான் தெரிஞ்சுது, அவங்க ஒரு கிளினிக்ல பிசியோதெரபி பார்க்கிறவங்கன்னு. வாதம் வந்து கை கால் விழுந்தவங்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. கண்ணாடி ரெடியானதும் கொண்டுபோய்க் குடுக்கப் போனேன். உள்ள ஒரு வயசாளி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கிறார். அவங்க ரெண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

"கம்பியை விடுங்க ஐயா."

"விழுந்துடுவேன் மிஸ்."

"விழுங்க. விழுந்தா எழும்பப் படிச்சுக்கலாம்."

அந்த மனுசன் அழுதார். எழுபது வயசு ஆம்பிளை, மூக்கு ஒழுக அழுதார். அவங்க நகரவே இல்ல. கடைசியில அவர் கம்பியை விட்டு மூணு அடி வச்சார். நாலாவது அடியில சரியப் போனவரைப் பிடிச்சாங்க, அது உண்மை. ஆனா அந்த மூணு அடிக்கு ஒரு பாராட்டு? ம்ஹூம். "நாளைக்கு அஞ்சு"ன்னு சொல்லிட்டு என் கையில இருந்த கண்ணாடியை வாங்கிக்கிட்டாங்க.

கண்டியில பொம்பளை சைக்கிள் ஓட்டுறதுன்னா என்னன்னு ஓட்டினவளுக்குத்தான் தெரியும். பெரிய ரோட்டுல பஸ் ஒரு பக்கம் நெருக்கும். திரீவீல்காரன் பக்கத்துல வந்து "நங்கி, கொஹெத யன்னே?"ன்னு இளிப்பான், என்னமோ நாம எங்க போறோம்னு தெரிஞ்சாத்தான் அவனுக்குச் சோறு இறங்கும்கிற மாதிரி. அதனால ஆள் இல்லாத ரோடு வேணும். அந்த ரோடெல்லாம் அவங்க தலைக்குள்ளதான் இருந்துச்சு. அம்பிட்டியவுல இருந்து பின்பக்கமா இறங்குறது, தலாத்துஓயாவைத் தாண்டி விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணி ஓரமாப் போறது, பல்லேகல பக்கம் கம்பனி வேலி முடிஞ்சதும் வயலுக்குள்ள நுழையிறது. காலையில ஆறு மணிக்கு அந்தக் கரையில நின்னா தண்ணி அசையாமக் கிடக்கும், எதிர்ப்பக்க மலை அப்படியே தலைகீழாத் தெரியும். ஒரு மனுசன் உங்களைப் பார்க்க மாட்டான். முதல் தடவை அங்க போனப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு, சந்தோசத்துல. அதுக்கும் ஏச்சு வாங்கினேன்.

ரோட்டுக்கெல்லாம் அவங்க பேர் வச்சிருந்தாங்க. யார் எங்க தோத்தாங்களோ அந்த இடத்துக்கு அவங்க பேர். கலஹா ரோட்டு ஏத்தத்துல நான் மூச்சு வாங்கி உட்கார்ந்த கல்லுக்கு "மாலா குந்தின கல்." ஒரு நர்ஸ் பிள்ளை வாந்தி எடுத்த வளைவுக்கு "வாந்தி வளைவு." அதை அந்தப் பிள்ளை முன்னாலயே சொல்லுவாங்க. "வாந்தி வளைவுல எல்லாரும் கியர் மாத்துங்க." நாங்க சிரிப்போம். சிரிக்கத்தான் செஞ்சோம், பொய் சொல்ல மாட்டேன். நம்ம பேர் வராத வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.

இப்ப கை காட்டுறதைப் பத்திச் சொல்லணும். வரிசையா ஒட்டி ஓட்டும்போது பின்னால வர்றவளுக்கு ரோடு தெரியாது, முன்னால போறவளோட முதுகுதான் தெரியும். அதனால முன்னுக்குப் போறவ பள்ளத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கத்துக் கையைக் கீழ நீட்டிக் காட்டணும். ரெண்டாவது ஆள் அதைப் பார்த்துத் தானும் காட்டணும், மூணாவது ஆள் அவளைப் பார்த்து. அப்படியே கடைசி வரைக்கும் கை போகும். சத்தம் போடக் கூடாதுங்கிறது அவங்க சட்டம். இன்னொரு சட்டம், முன்னால போறவ திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினா சைக்கிள் ஆடும், அவ ஆடினா வரிசையே சரியும். "பின்னால பார்க்கிறது என் வேலை இல்ல. அதுக்குத்தான் ரெண்டாவது ஆள்"னு சொல்லுவாங்க. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட அவங்க கழுத்து திரும்பி நான் பார்த்ததில்ல. எவளாவது விழுந்தாலும் நேரா அடிவாரம் வரைக்கும் இறங்கி, அங்க நிறுத்திட்டுத்தான் நடந்து மேல வருவாங்க.

அந்தக் கைக்கும் ஒரு கொடுமை வச்சிருந்தாங்க அக்கா, நாங்க அவங்களை அப்படித்தான் கூப்பிடுவோம். "கை இல்லாத நாள்."

பேங்க்ல வேலை செய்ற ஒருத்தி எங்களோட வந்தா. மூணு ஞாயிறு லேட்டா வந்தா. நாலாவது ஞாயிறு புருசனைக் கார்ல பின்னாலேயே வரச் சொல்லிட்டா, பயமா இருக்குன்னு. அக்கா நேரா கார்கிட்டப் போனாங்க. புருசன்காரனை அனுப்பிட்டு, "இன்னிக்கு நீ கடைசி"ன்னாங்க. அவ தண்ணி குடிக்கப் போன நேரம் எங்ககிட்ட, "அவளுக்கு இன்னிக்குக் கை இல்ல. யாரும் காட்டக் கூடாது"ன்னாங்க. ஹந்தானை இறக்கத்துல, எங்களுக்குள்ள கை ஒழுங்கா வந்துச்சு. கடைசிக்கு முந்தினவ மட்டும் கையை வெளிய எடுக்கல்ல. டமார்னு ஒரு சத்தம். டயர் வெடிச்சு, ரிம் வளைஞ்சு, முழங்கை தேஞ்சு, அவ ரோட்டுல குந்திக்கிட்டு இருந்தா.

"இனிமே காருக்குப் பதிலா நேரத்துக்கு வா"ன்னாங்க அக்கா.

அவ திரீவீல்ல சைக்கிளை ஏத்திக்கிட்டுப் போனவதான், அதோட சரி. நாங்க ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டோமா? இல்ல. அடுத்த ஞாயிறு எல்லாரும் அஞ்சே முக்காலுக்கே, வழக்கமாச் சேர்ற வாவிக்கரையில வந்து நின்னோம்.

ஃபரீனா வந்தது அதுக்குப் பிறகு. மாண்டிசோரி டீச்சர். ஸ்காஃபுக்கு மேல ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, கையில ஒரு டப்பா நிறைய ஏதாவது தின்ன. கல்யாணம் முடிச்சு எட்டு வருஷம், வீட்டை விட்டு அவ தனியா வெளிய வந்தது இந்த ஞாயித்துக்கிழமைகள்லதான். அதுக்கும் அவ மாமி, புருசனோட அம்மா, ஒரு நிபந்தனை போட்டிருந்தாங்க.

"ஒடம்புல ஒரு கீறல் விழுந்தாலும் சைக்கிளைத் தொடவே கூடாதுன்டு செல்லிட்டாங்க மாமி"ன்னு முதல் நாளே எங்ககிட்ட சொன்னா. "அதனால என்னை விழ வச்சிடாதீங்க. எனக்கு இதை உட ஏலா."

அக்காவுக்கு இது போதாதா! ஃபரீனாவோட உயிரை எடுத்தாங்க. ஒரு ஏத்தத்துல அவ இறங்கித் தள்ளினா, மேல வந்த பிறகு, "திரும்பக் கீழ போ. ஏறி வா"ன்னு சொல்லுவாங்க. நாங்க மர நிழல்ல நின்னுக்கிட்டு அவ ரெண்டாவது தடவை ஏறி வர்றதைப் பார்த்துக்கிட்டு இருப்போம். வேற எவளா இருந்தாலும் சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பா. ஃபரீனா மூஞ்சியெல்லாம் செவந்து போய் மேல வந்து, "அல்லாஹ், அக்கா, நீங்க மனிசியா ஷைத்தானா?"ன்னு கேட்டுட்டுச் சிரிப்பா. அக்கா டப்பாவைத் திறந்து அவளோட ரொட்டியை எடுத்துத் தின்னுவாங்க. வேற யார் சாப்பாட்டையும் அவங்க தொட்டு நான் பார்த்ததில்ல. எனக்கு அது பிடிக்கல்ல. என்னமோ செஞ்சுது.

ஒரு வருஷத்துல ஃபரீனா எங்க எல்லாரையும்விட நல்லா ஏறினா.

அன்னைக்கு அம்பிட்டியவைத் தாண்டி, இறக்கம் தொடங்குறதுக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கடையில நிறுத்தியிருந்தோம். அஞ்சு பேர். பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும். அக்கா கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டே, வாயைத் துடைக்கக்கூட இல்லாம, சொன்னாங்க.

"அடுத்த கிழமையில இருந்து ஃபரீனா ரெண்டாவது. மாலா, நீ கடைசி."

நான் கோப்பையைக் கீழ வச்சேன். "ஏன் அக்கா? நான் என்ன பிழை செஞ்சேன்?"

"நீ ரோட்டைப் பார்க்கிறதில்ல. என் முதுகைப் பார்த்துக்கிட்டு வர்ற. ரெண்டாவது ஆளுக்குப் பின்னால வர்றவங்க மேல அக்கறை வேணும். உனக்கு என் மேலதான் கண்ணு."

எல்லார் முன்னாலயும். அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரன் முன்னாலயும். நாலு வருஷமா நாய் மாதிரிப் பின்னால போயிருக்கேன், கலஹா மலையில, மழையில, காய்ச்சலோட. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. அதுக்கு மேல ஃபரீனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வேணாம் அக்கா, மாலாவே ஈக்கட்டும். அவ எவ்வளவு காலமா வாற"ன்னா. அந்தக் கரிசனம் இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல்ல. அவ பேசாம இருந்திருக்கலாம்.

இறங்கினோம். அக்கா, அடுத்து நான், அடுத்து ஃபரீனா. மத்த ரெண்டு பேரும் ஒரு வளைவு பின்னால. இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் பள்ளத்தாக்கு, கீழ விக்டோரியாத் தண்ணி அங்கங்க மின்னுது. அங்க ரோட்டுக்குக் குறுக்க, மழைத் தண்ணி அடியால போக, ஒரு மதகு. இடது ஓரத்துல அதோட கொங்கிரீட் பலகை உடைஞ்சு, ஒரு சைக்கிள் டயர் போற அகலத்துக்கு வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு. ஃபரீனாவோட முன் சக்கரம் நேரா அதுக்குள்ள போச்சு. சைக்கிள் நின்னுடுச்சு, அவ நிக்கல்ல. அவ விழுந்த சத்தத்தை நான் இங்க எழுத மாட்டேன். கழுத்துப்பட்டை எலும்பு ரெண்டா உடைஞ்சிருந்துச்சு, தோளும் விலகியிருந்துச்சு.

அன்னைக்கு அக்கா கை காட்டல்ல. இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஃபரீனா சொல்றா, அவ புருசன் சொல்றார், பின்னால வந்த ரெண்டு பேரும் பார்க்காமலே சொல்றாங்க.

காட்டினாங்க. இடது கையை நல்லா வெளிய நீட்டி, விரலை விரிச்சு, வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் காட்டினாங்க. நான் பார்த்தேன். விலகினேன். என் கை ஹேண்டில்லயே இருந்துச்சு.

பிரேக் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்லலாம். மறந்துட்டேன்னு சொல்லலாம். ரெண்டும் இல்ல. கொஞ்சம் ஆடட்டும்னு நினைச்சேன். ஒரு குலுக்கல் குலுக்கட்டும், பயந்து கத்தட்டும், ரெண்டாவது ஆளா வர லாயக்கில்லன்னு அக்காவுக்கும் தெரியட்டும். சின்னப் பள்ளம்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன், சத்தியமா. ஆனா நினைச்சேன்.

அக்கா வழக்கம்போலத் திரும்பாம அடிவாரம் வரைக்கும் போய், நடந்து மேல வந்தாங்க. அதுக்குள்ள நான் ஓடிப் போய் ஃபரீனாவைத் தாங்கி உட்கார வச்சிருந்தேன், மத்த ரெண்டு பேரும் வந்துட்டாங்க. ஃபரீனா தோளைப் பிடிச்சுக்கிட்டு, "மாமிகிட்ட என்ன செல்ல, மாமிகிட்ட என்ன செல்ல"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிசா இருந்துச்சு. அக்கா அவ தோளைத் தொட்டுப் பார்த்தாங்க, நான் இடுப்புல கட்டியிருந்த துப்பட்டாவை உருவிக் கையைக் கட்டினாங்க. அப்புறம் மதகைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"மாலா. கையைக் காட்டினியா?"

எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. ஃபரீனாவும்.

"நீங்க காட்டல்லையே அக்கா"ன்னேன். "நீங்க காட்டாம நான் எப்படிக் காட்டுறது?"

ஒருத்திகூட ஆச்சரியப்படல்ல. அதுதான் விசயம். பேங்க்காரியை விழுத்தினவங்கதானே! நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டு, "இவளுக்கும் கை இல்லாத நாளா? சீ, என்ன பொம்பளை நீங்க"ன்னா. இன்னொருத்தி காறித் துப்பினா. நான் எதிர்பார்த்தேன், அக்கா கத்துவாங்க, என் கன்னத்துல அறைவாங்கன்னு. அறைஞ்சிருந்தா உண்மை வெளிய வந்திருக்கும். அவங்க என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க, எழுத்துப் பலகையில கடைசி வரியைப் பார்த்த மாதிரி. "சரி"ன்னாங்க. ஃபரீனாவைப் புருசனோட வேன்ல ஏத்தினப்ப அவளும் அவங்க கையைத் தட்டி விட்டுட்டா.

அன்னைக்குப் பின்னேரமே வாட்சப் குரூப்ல இருந்து அவங்களை நீக்கினோம். நீக்கின விரல் என்னோடது.

பத்து நாள் கழிச்சு, மத்தியானம், கடையில ஆள் இல்லாத நேரம் வந்தாங்க. நான் எழுந்திருக்கிறதுக்குள்ள எதிர்க் கதிரையில உட்கார்ந்துட்டாங்க.

"ஃபரீனா கட்டு எப்ப பிரிக்கிறாங்க?"

"தெரியல்ல அக்கா. அடுத்த மாசமா இருக்கும்."

"கட்டுப் பிரிச்ச உடனே கையை அசைக்கணும். வலிக்குதுன்னு அப்படியே வச்சிருந்தா தோள் இறுகிடும், அப்புறம் தூக்கவே முடியாது. அவளுக்கு வலி தாங்கத் தெரியும், என்கிட்ட அனுப்பு. என் பேரைச் சொல்லாத, கிளினிக்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா. வந்த பிறகு என்னைத் திட்டிக்கட்டும்."

"சரி அக்கா."

"நீ சொன்னதைப் பத்தி நான் அவகிட்ட பேச மாட்டேன். அது உன்னோட இருக்கட்டும்." எழுந்து, கதவுகிட்டப் போய், வெளிய பார்த்தபடி சொன்னாங்க. "இனிமே நீதானே முன்னால போவ. முன்னால போறவளுக்கு யாரும் பள்ளம் காட்ட மாட்டாங்க. ரோட்டைப் பாரு."

நான் ஃபரீனாவுக்குச் சொல்லல்ல. நாளைக்குச் சொல்லலாம்னு ஒரு நாள், வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு ஒரு கிழமை. ரெண்டு பேரும் ஒரு அறைக்குள்ள உட்கார்ந்தா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஃபரீனா கேட்பா, "அக்கா, ஏன் எனக்குக் கை காட்டல்ல?"ன்னு. அந்த மனுசி பேச மாட்டேன்னு சொன்னாங்கதான். பேச மாட்டாங்கதான். ஆனாலும் எனக்குப் பயம். பயத்தைச் சொன்னேனே தவிர, ஃபரீனாவோட தோளை நினைச்சேனான்னு கேட்காதீங்க.

தோள் இறுகிடுச்சு. வேற எங்கேயோ காட்டினாங்க, எண்ணெய் போட்டாங்க, அங்க வலிச்சதும் ஃபரீனாவோட மாமி கூட்டிட்டு வந்துட்டாங்க. இப்ப அவளுக்கு இடது கை நெஞ்சு உயரத்துக்கு மேல வராது. ஸ்காஃபுக்கு ஊசி குத்த மதினிதான் வரணும். சைக்கிளை அந்த மாசமே வித்துட்டாங்க. ஒரே ஒரு சலுகை மட்டும் அழுது வாங்கியிருக்கா. மாசத்துல ஒரு ஞாயிறு, புருசன் வேன்ல கூட்டிட்டு வருவார், எங்களுக்குக் காலைச் சாப்பாடு கொண்டு வந்து விக்டோரியாக் கரையில காத்துக்கிட்டு இருப்பா. நாங்க இறங்கி வர்றதைப் பார்த்துக் கையைத் தூக்கித் தட்டணும்னு ஆசை, தூக்க வராது. வேன் கதவுல வலது கையால அடிப்பா.

ஒவ்வொரு பெருநாளைக்கும் எனக்குத் தனியா வட்டிலப்பம் வரும். "மாலா இல்லாட்டி அண்டைக்கு என்னை யார் பார்த்தீப்பாங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா. நான் அதைத் தின்னுறேன்.

இப்ப நான்தான் முன்னால போறேன். ஒன்பது பேர் வர்றாங்க, பாதிப் பேர் புதுசு. கை இல்லாத நாளெல்லாம் எங்ககிட்ட கிடையாது, எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு வர்றோம், "மாலாக்கா எவ்வளவு தன்மை"ன்னு சொல்றாங்க. போறது மட்டும் அக்காவோட ரோட்டுலதான், எனக்கு வேற ரோடு தெரியாது. பேரும் அவங்க வச்ச பேர்தான், வாந்தி வளைவு, மாலா குந்தின கல். ஒரே ஒரு பேர் மட்டும் நாங்க வச்சது. அந்த மதகு இன்னும் வாயைப் பிளந்துக்கிட்டுத்தான் கிடக்கு. ரெண்டு தரம் பூசினாங்க, ரெண்டு தரமும் லொறி ஏறி உடைஞ்சுது. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கதை சொல்லுவாங்க. "அக்கா காட்டாத மதகு." ஞாயிறு ஞாயிறு என் காதுல விழும்.

போன மாசம், அதே இறக்கத்துல, எங்களுக்கு முன்னால ஒத்தைச் சைக்கிள் ஒண்ணு போய்க்கிட்டு இருந்துச்சு. முதுகைப் பார்த்ததும் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. இடது தோள் இன்னும் தாழ்ந்திருந்துச்சு. பின்னல் நரைச்சிருந்துச்சு. ரப்பர் பேண்ட் அதே கறுப்பு.

இறக்கத்துல நிறுத்த முடியல்ல, நெருங்கிட்டோம். எங்க சைக்கிள் சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்கும். என் பின்னால வந்த புதுப் பிள்ளை, யாருன்னு தெரியாம, வழக்கம்போலப் பின்னால திரும்பிக் கூவினா.

"அக்கா காட்டாத மதகு வருது! கவனம்!"

முன்னால, அந்த முதுகு ஒரு தரம் விறைச்சுது. அப்புறம் அவங்களோட இடது கை ஹேண்டில்ல இருந்து இறங்கி, வெளிய நீண்டு, விரலை விரிச்சு, பள்ளத்தைக் காட்டுச்சு.

அப்பதான் அது நடந்துச்சு. அவங்க திரும்பிப் பார்த்தாங்க. நாலு வருஷத்துல திரும்பாத கழுத்து, அந்தச் சரிவுல, சைக்கிள் ஆட ஆட, திரும்புச்சு. என் முகத்தைப் பார்க்கல்ல. என் கையைத்தான் பார்த்தாங்க. நான் காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அதைப் பார்த்துட்டு, எனக்குப் பின்னால ஒவ்வொரு கையா, கடைசி ஆள் வரைக்கும் கை போகுதான்னு பார்த்துட்டு, முன்னால திரும்பி மிதிச்சுப் போயிட்டாங்க.

"யாரக்கா அது? எவ்வளவு வடிவாக் காட்டினாங்க!"ன்னா அந்தப் பிள்ளை. நான் கியரை மாத்தினேன்.

கரைக்கு வந்தப்ப ஃபரீனா வேனுக்கு வெளிய நின்னா. மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு.

"மாலா, அந்தப் பொம்பளை இப்பதான் இப்படிப் போச்சு. சைக்கிளை நிப்பாட்டி, என்ட கையையே பார்த்துட்டு நின்டுச்சு. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டன். அதுக்கு, 'நீ வருவன்னு ரெண்டு மாசம் பார்த்தேன்'னு செல்லிட்டுப் போகுது. எங்க வர? என்னத்தைச் செல்லுது அது?"

தண்ணி அசையாமக் கிடந்துச்சு. புதுப் பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு, இடியப்பத்தைச் சுத்தி நின்னாங்க. ஃபரீனா என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறா, வலது கையில எனக்குன்னு போட்ட தட்டு, இடது கை தொங்குது.

"தெரியாது"ன்னேன். "அதுக்குத்தான் பைத்தியமாச்சே."

"அதுதானே"ன்னு சொல்லிட்டு, தட்டை என் கையில குடுத்தா. கட்டாச் சம்பல், பருப்பு, நாலு இடியப்பம். எனக்கு எப்பவும் ஒண்ணு கூட வைப்பா. பசியா இருந்துச்சு. சாப்பிட்டேன்.